ஆயுதபூஜை அன்றைய நீராவி

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் சமையல் செய்யும் கம்பெனிக்குக் குழாய் கேஸ் வந்த வருஷம், கேண்டீனுக்குள் இனி விளக்கோ கற்பூரமோ ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது சரிதான். கேஸ் இருக்கிற இடத்தில் நெருப்போடு விளையாட முடியுமா? ஆனாலும் அரிசி மூட்டைக்கு மேலே அலமாரியில் இருந்த கருமாரி அம்மன் படத்தை என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போக மனசு வரவில்லை. அவள் அந்த அடுப்படிக்குக் காவலாக வந்து உட்கார்ந்தவள். விளக்கில்லாமல் வைத்திருப்பதும் சரியாகப் படவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கரையான்சாவடியில் பஸ் ஏறி வந்து கேண்டீனைத் திறந்தால், அலமாரியில் படம் இல்லை. என்னோடு வேலை செய்யும் புஷ்பாதான் பின்பக்கத்திலிருந்து கத்தினாள்.

"யக்கா, ஆத்தா எங்கியும் பூடல. இங்க வந்து பாரு."

பாத்திரம் கழுவும் இடத்துக்கு வெளியே, கேஸ் குழாய்க்கு எட்டாத தூரத்தில், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒரு பலகை அடித்திருந்தது. மழை படாமல் மேலே தகரம் வளைத்திருந்தது. கண்ணாடி துடைத்த முகத்தோடு அம்மன் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் நான் வைத்த அரளிகூட அப்படியே இருந்தது. விளக்கு வைக்கத் தனியாக ஒரு குழிவான இரும்புத் தட்டு.

யாரும் நான்தான் செய்தேன் என்று வந்து சொல்லவில்லை. வாசல் செக்யூரிட்டி சொல்லித்தான் தெரிந்தது, அது மெயின்டனன்ஸ் உதயகுமார் என்று. மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் கேட்டேன். சோற்றைப் பிசைந்தபடியே, "புது டிரில்லு ஒண்ணு வந்துச்சுக்கா. சொவத்துல ஏறுதான்னு பாத்தேன்" என்றார். அடுத்த கவளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த மனுஷரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உதயகுமார் கோவில்பதாகையில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவர்கள். அந்த நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் மாடிவீடான பிறகு, அப்பா கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனார். அம்மா ஆவடியில் ஒரு பட்டறையில் பெருக்கினார். பிள்ளை பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்து எங்கள் கம்பெனியில் சேர்ந்தார். மதிவதனி என்ற பெண்ணைக் கட்டினார். ஜோதிகா என்று ஒரு மகள். அவ்வளவுதான் அவர் கதை, வெளியிலிருந்து பார்த்தால்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் குழாயைக் கடந்து போனாலும் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சல் கண்ட குழந்தையைத் தொடுகிற மாதிரி. கோயிலில் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குழாயைத் தொட்டுவிட்டு யோசிக்கிறவரை அவரிடம்தான் பார்த்தேன்.

எங்கள் கம்பெனி காருக்கு வேண்டிய ரப்பர் சாமான் செய்கிறது. ரப்பரை அச்சில் வேகவைக்க நீராவி வேண்டும். மெஷின் ஓடக் கரண்ட், அச்சைத் திறந்து மூடக் கம்ப்ரஸர் தரும் அழுத்தக் காற்று, ஆறவைக்கக் குளிர்ந்த தண்ணீர், எல்லாம் வேண்டும். கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர் உறுமும். கூரை மேல் சோலார் தகடுகள். கேண்டீனில் எங்கள் சோற்றுக் குண்டானும் இட்லிப் பெட்டியும் அதே பாய்லர் நீராவியில்தான் வேகும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் உண்டு. பாய்லர் பார்க்கும் ஜம்புலிங்கம் அண்ணனைக் கேட்டால், "என் பாய்லரு தங்கம். அந்த கம்ப்ரஸருதான் கரண்ட துன்னுது" என்பார். கம்ப்ரஸர்காரரைக் கேட்டால் பாய்லரைக் கைகாட்டுவார்.

உதயகுமாருக்கு மட்டும் எல்லாம் ஒரே வீட்டு ஜனம் போலத் தெரிந்தது. கம்பெனி அவரை ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்தபோது கம்ப்யூட்டரில் 'மாடல்' போடக் கற்றிருந்தார். மாடல் என்றால் என்ன தம்பி என்று ஒருநாள் கேட்டேன். ரசம் சிந்தியிருந்த ஸ்டீல் மேஜையில் ஈரவிரலால் ஒரு பெட்டி வரைந்தார்.

"பேபிக்கா, ஊட்ல கேஸ் தீந்து பூட்டா இன்னா பண்ணுவீங்க?"

"கரண்ட் அடுப்புல வெப்பேன்."

"கரண்ட் பில்லு எகிறிச்சுன்னா?"

"தண்ணிய வெயில்ல வெச்சி சூடாக்குவேன். கேஸு வந்தா கேஸுக்குத் திரும்பிடுவேன்."

"அதான்க்கா என் வேல. கேஸு, கரண்டு, டீசலு, வெயிலு நாலும் இந்தப் பெட்டிக்குள்ள போவுது. நீராவி, காத்து, குளிர் தண்ணின்னு இந்தாண்ட வருது. ஒண்ண கொறச்சா இன்னொண்ணு எங்க ஏறும், எங்க எறங்கும்? தனித்தனியா பாத்தா தெரியாது. மொத்தமா கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தாதான் தெரியும்."

"இத்த நாங்க தெனம் பண்றோமே. எங்களுக்கும் இன்ஜினீயரு சம்பளம் போடச் சொல்லு சார்" என்றாள் புஷ்பா.

உதயகுமார் சிரித்தார். "ரெண்டு வழி கீது புஷ்பா. பெட்டியத் தொறக்காமலே, உள்ள எவ்ளோ போச்சு, வெளிய எவ்ளோ வந்துச்சுன்னு மட்டும் பாக்கறது ஒண்ணு. அது சட்டுனு முடியும். பெட்டியத் தொறந்து ஒவ்வொரு கொழாயா, ஒவ்வொரு மணி நேரமா பாக்கறது இன்னொண்ணு. அது இழுக்கும்."

"எது நல்லது தம்பி?" என்றேன்.

"கேக்கறவங்களுக்கு எவ்ளோ அவசரம்ங்கறதப் பொறுத்துக்கா" என்றார்.

அவசரம் வந்தது. வருஷம் முடிவதற்குள் எரிபொருள் செலவை எங்கெங்கே குறைக்கலாம் என்று ஹெட் ஆபீஸ் கேட்டது. எங்கள் மேனேஜர் வெற்றிச்செல்வன் அந்த வேலையை உதயகுமாரிடம் கொடுத்தார். நல்லபடி செய்தால் எல்லாக் கிளைகளுக்கும் இதையே பார்க்கிற பெரிய பதவி உனக்குத்தான் என்றும் சொன்னார். புரட்டாசியில் குழாய்களில் மீட்டர் மாட்டினார்கள். அது ராத்திரி பகலாகத் தானே அளந்து பதிந்துகொள்ளும்; தீபாவளிக்குள் அளந்து முடித்துவிட்டார்கள். தீபாவளிக்கு முன்னால் வண்டி விற்பனை ஜாஸ்தி என்பதால் அந்தச் சமயத்தில் ஞாயிற்றுக்கிழமைகூட எங்களுக்கு வேலை ஓடியது. மெஷின் எல்லாம் நின்றது ஆயுதபூஜை அன்று ஒருநாள்தான்.

அன்று எங்கள் கம்பெனியைப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கிற மெஷினெல்லாம் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்றுக்கு நடுவே மணப்பெண் மாதிரி நிற்கும். எல்லாரும் குடும்பத்தோடு வருவார்கள். பாய்லருக்கு மட்டும் ஓய்வு கிடையாது. அத்தனை பேருக்கும் சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும் ஆக வேண்டுமே. ஜம்புலிங்கம் அண்ணன் பாய்லர் கதவில் வைத்த சந்தனம் வைத்த சூட்டிலேயே காய்ந்து உதிர்ந்தது. உதயகுமாரும் மனைவி, மகளோடு வந்தார். ஜோதிகா பொங்கலை ஆவலாகத் தின்றாள். "ஊட்டுக்கும் ரெண்டு குடுக்கா" என்று உதயகுமார் தொன்னையில் கேட்டு வாங்கிப் போனார். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

கார்த்திகையில் ஒரு மழை நாள். காலைச் சாப்பாடு முடிந்து நாங்கள் எட்டுப் பேரும் காய் அரிந்துகொண்டிருந்தோம். ஜம்புலிங்கம் அண்ணன் டீக்கு வந்து நின்றிருந்தார். உதயகுமார் நனைந்தபடி உள்ளே வந்தார். தட்டு எடுக்கவில்லை. உட்காரவும் இல்லை.

"அக்கா, நாளைக்கு நோட்டீஸ் ஒட்டுவாங்க. அத்தப் பாத்து நீங்க தெரிஞ்சிக்கக் கூடாது. அதான் நானே வந்தேன்."

தை மாசத்திலிருந்து இங்கே சமையல் கிடையாது. சாப்பாடு வெளியிலிருந்து வண்டியில் வரும். கேண்டீனுக்கு வருகிற நீராவிக் குழாயில் ஏகப்பட்டது வீணாகப் போகிறது என்று மாடல் சொல்லிவிட்டது. அந்தக் குழாயை அடைத்தால், பாய்லரையே சின்னதாக மாற்றிவிடலாமாம். ஹெட் ஆபீஸில் ரொம்பப் பாராட்டினார்களாம். இதையெல்லாம் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

எட்டுப் பேருக்கும் கத்தி நின்றுவிட்டது. எங்களில் பாதிப் பேர் புருஷன் இல்லாதவர்கள், நானும்தான். இந்த வயசில் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நின்றால் யார் உள்ளே விடுவார்கள்? நான் மனசுக்குள் அம்மனைக் கூப்பிட்டேன்.

புஷ்பா வாய்விட்டே கேட்டாள்.

"இன்னா சார், வேஸ்ட்டா? எங்க ஆவி வேஸ்ட்டு, எங்க சோறு வேஸ்ட்டு. பூஜ அன்னிக்கு தொன்னத் தொன்னயா சக்கரப் பொங்கல் வாங்கினு போனியே, அது இன்னா காத்துலயா வெந்துச்சி? அப்ப மட்டும் இனிச்சிது!"

"ஏ, சும்மா இருடி" என்று நான் அதட்டினேன். உதயகுமார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தது அப்படியே நின்றது.

"இன்னா சொன்ன?"

"பொங்கல சொன்னேன். ஏன், மறந்துட்டியா?"

அவர் ஜம்புலிங்கம் அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணாத்தே, பூஜ அன்னிக்கு பாய்லரு எரிஞ்சிதா?"

"இன்னாபா கேள்வி இது? எரியாம பொங்கலு எப்டி வேவும்? வெடிகாலமே வந்து பத்த வெச்சேன்."

உதயகுமார் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. புஷ்பாவே பயந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, எங்களுக்குச் சொல்கிறாரா தனக்கே சொல்லிக்கொள்கிறாரா தெரியாத மாதிரி பேசினார்.

"மெஷினு ஒண்ணும் ஓடாத நாள்ல நீராவி போனா, அது ஒழுக்குதான்னு வெச்சிக்கறது வழக்கம். பெட்டி வழில அப்டித்தான் ஒழுக்கக் கண்டுபுடிக்கணும். அளந்த நாள்ல, ஓடாத நாளு அது ஒண்ணுதான். லீவுன்னு போட்டேன். பொங்கல் வெந்த ஆவிய ஃபுல்லா ஒழுக்குன்னு எடுத்துகினு, அந்த ஒழுக்கு வருசம் பூரா தெனம் போவுதுன்னு கம்ப்யூட்டருக்கு சொல்லிகீறேன். அது நான் சொன்னத நம்பி உங்க ஊட்டுக் கதவ சாத்திடுச்சி."

"நீயே சாப்ட்டுட்டு நீயே எப்டி தம்பி மறந்த?" என்றேன்.

"மறக்கலக்கா. பூஜையப் போயி யாரு கணக்குல சேப்பாங்க?"

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான். சாமிக்குப் படைத்ததைச் செலவு என்று யார் நினைப்பார்கள்?

அவர் எழுந்து நேரே மேனேஜர் அறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அங்கே டீ கேட்டார்கள். நான்தான் கொண்டுபோனேன்.

வெற்றிச்செல்வன் சார் கெட்டவர் இல்லை. மகள் கல்யாணத்துக்கு எங்கள் எல்லாரையும் வாசலில் நின்று வரவேற்றவர். அன்று அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"யோவ் உதயா, அங்க கைதட்டி முடிச்சுட்டாங்கய்யா. இப்ப வந்து பொங்கல்ங்கறே?"

"ஆமா சார். பொங்கல்தான்."

"நான் போன் பண்ணி என்னன்னு சொல்றது? எங்க ஆளு சர்க்கரைப் பொங்கல ஓட்டைன்னு எழுதிட்டாரு, மன்னிச்சுக்குங்கன்னா? சிரிப்பாங்கய்யா."

"சிரிக்கட்டும் சார்."

"கேண்டீன் செலவு எப்படியும் செலவுதான். இருக்கறபடியே விட்டா யாருக்கும் தெரியாது. உன் பேரும் நிக்கும், அந்தப் பதவியும் வரும். யோசி."

டீயை வைத்துவிட்டு நான் கதவருகே வந்துவிட்டேன். உதயகுமார் சொன்னது காதில் விழுந்தது.

"கேண்டீன் வேணாம்னு நீங்க முடிவு பண்ணா பண்ணுங்க சார், அது உங்க அதிகாரம். மாடல் சொல்லுச்சுன்னு மட்டும் பண்ணாதீங்க. மாடல் அப்படி சொல்லல. நான் சொல்ல வெச்சேன். எனக்கு கொஞ்சம் டைம் குடுங்க, கொழாய் கொழாயா போட்டுத் தர்றேன்."

மேனேஜர் டீயை எடுத்துக் குடித்தார். கடைசியில், "நோட்டீஸை நிறுத்தி வைக்கறேன். பொங்கலுக்குள்ள குடு. எந்தப் பொங்கலும் இல்லாம குடு" என்றார். நான் வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மார்கழி முழுதும் அவர் எங்களோடுதான் காலைக் குளிரில் நின்றார். எந்தக் குண்டானை எப்போது திறக்கிறோம், எப்போது மூடுகிறோம், பாய்லரிலிருந்து கேண்டீன் வரை வருவதற்குள் எந்த வளைவில் எவ்வளவு சூடு போகிறது, எல்லாம் அளந்தார். வால்வுக்கு வால்வு ஏணி போட்டு ஏறினார். மடிக்கணினியை இட்லி மாவுத் தூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டுவார். புஷ்பா, "சார், சூட்டுல மாவு புளிக்கப் போவுது, உன் பொட்டிய அந்தாண்ட வெய்யி" என்பாள். எங்களுக்கு அவரிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. நாங்கள் கேட்கவில்லை. அவரும் முன்கூட்டி ஆறுதல் சொல்லவில்லை. ஒருநாள் மட்டும், "அக்கா, திரும்பப் போட்டும் அதே விடை வந்துட்டா, அதையும் நான்தான் வந்து சொல்வேன்" என்றார். அன்றைக்கு என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அவர் பிசகாக எதுவும் செய்யமாட்டார் என்பது பயமாகவும் இருந்தது, தைரியமாகவும் இருந்தது.

விடை வேறாக வந்தது. கேண்டீன் குழாயில் ஒழுக்கு இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். இரண்டு வளைவில் சூடு காக்கிற உறை கிழிந்திருந்தது, புதிதாகச் சுற்றினால் போதும். பெரிய வீண் யாரும் பார்க்காத இடத்தில் இருந்தது. கம்ப்ரஸர் ஓடும்போது அது கக்குகிற சூடு அத்தனையும் ஃபேன் வைத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தோம். பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் பாய்லர், பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு அதைச் சூடாக்கக் கேஸைத் தின்றுகொண்டிருந்தது. இந்தச் சூட்டில் அந்தத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால், கரண்டுக்குக் கொடுத்த காசிலேயே கேஸும் மிச்சமாகும். ஜம்புலிங்கம் அண்ணனும் கம்ப்ரஸர்காரரும் அத்தனை வருஷம் சண்டை போட்டது அந்த ஒரு சுவருக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் நின்றுகொண்டுதான்.

ஹெட் ஆபீஸ் அதை ஏற்றுக்கொண்டது. முதலில் சொன்ன அளவுக்கு மிச்சமில்லை என்று முகம் சுளித்தது, ஆனாலும் ஏற்றுக்கொண்டது. சாயங்கால டிபன் மட்டும் இப்போது வெளியிலிருந்து வருகிறது. மற்றபடி எங்கள் எட்டுப் பேருக்கும் வேலை நிலைத்தது. தைப்பூசத்தன்று திருவேற்காட்டுக்குப் போய் அம்மனுக்கு மாவிளக்குப் போட்டேன். அவர் பேருக்கும் அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் தெரியவில்லை. சாமி பேருக்கே செய்யுங்கள் என்றேன் குருக்களிடம்.

அவருக்குத்தான் ஒன்றும் நல்லதாக நடக்கவில்லை. பெரிய பதவிக்கு வெளியிலிருந்து வேறு ஆளை எடுத்தார்கள். மாடல் வேலையை ஒரு வெளிக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். அவரைப் பழையபடி ஷிப்ட் மெயின்டனன்ஸில் போட்டார்கள். மீட்டிங்கில் யாராவது, "என்னப்பா, இதுல பொங்கல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டுச் சிரிப்பதாக ஜம்புலிங்கம் அண்ணன் வந்து சொன்னார். உதயகுமாரும் சேர்ந்து சிரிப்பாராம். ஆனால் குழாயைத் தொட்டுப் பார்ப்பது குறைந்துவிட்டது. நான் அதைக் கவனித்தேன்.

பங்குனியில் அவருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கேயும் மெயின்டனன்ஸ்தான். மாடல் வேலை இல்லை. அம்மாவைக் கோவில்பதாகையில் தம்பி வீட்டில் விட்டுவிட்டு, மனைவி, மகளோடு கிளம்பினார். கடைசி நாள் மத்தியானம், கூட்டம் வருவதற்கு முன்னால், கேண்டீனுக்கு வந்தார். புஷ்பா அவருக்கு அப்பளம் பொரித்து வைத்தாள். தட்டில் அப்பளத்தை மேலும் மேலும் வைத்துக்கொண்டே இருந்தாள். "போதும் புஷ்பா, நான் ஓசூருக்குப் போறேன், காசிக்கு இல்ல" என்றார்.

சாப்பிட்டுக் கை கழுவியவரை வாசல் வரை கொண்டு விட நான் போனேன். அவர் நெற்றியில் திருநீறு வைத்தேன். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். என் மனசில் பல நாளாகக் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"தம்பி, அன்னிக்கு நீ வாய மூடிகினு இருந்திருந்தா, இன்னேரம் எல்லா ஊரு கம்பெனிக்கும் பெரிய ஆளா போயிருப்ப இல்ல?"

சைரன் அடித்தது, அச்சு மெஷின் ஓடுகிற பிரஸ் ஷாப்பிலிருந்து ஆட்கள் கை துடைத்தபடி வர ஆரம்பித்தார்கள்.

"போயிருப்பேன்க்கா. எந்த ஊருக்குப் போனாலும் மத்தியானம் பசிக்குமே. தட்டுல கைய வெக்கும்போது உங்க எட்டுப் பேர் மொகமும் வந்து நிக்கும். அத்த எதுர்ல வெச்சிகினு எப்டி சாப்டறது? சரி சரி, உள்ள போங்க. ஆளுங்க வந்துட்டாங்க, சோறு போடுங்க."